கொசுறு

எல் ஆல்ட்டோ சந்தையில்
பதினேழு வருஷமாக எடை போடுகிறவள் நான்.
உறைபனியில் பரப்பி, காலால் மிதித்து,
வெயிலில் உலர்த்திய கறுப்பு உருளைக்கிழங்கு.
தராசுக்குப் போகுமுன்பே கை சொல்லிவிடும்:
அரைக் கிலோவுக்கு இன்னும் ஒரு கிழங்கு போடு.

நான்காம் நாள்
அவனை என்னிடம் கொடுத்தபோது
கை ஒன்றுமே சொல்லவில்லை.

முப்பது வாரம்.
பிறந்தபோது ஆயிரத்து நூற்று நாற்பது கிராம்.
ஏன் இப்படி அவசரப்பட்டான் என்று கேட்டேன்.
சில சமயம் காரணமே இருக்காது என்றார் டாக்டர்.
காரணமில்லாமல் உப்புகூட விலை ஏறாது என்று
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நாலாயிரம் மீட்டர் உயரத்து ஊர்.
விமானத்தில் வந்து இறங்கும் வாட்டசாட்டமான ஆட்களே
பத்துப் படி ஏறிச் சுவரைப் பிடிப்பார்கள்.
இந்தக் காற்றில்தான் அவன்
மூச்சு விடக் கற்றுக்கொள்கிறான்.
விடுகிறான், விடுகிறான்,
மறந்துபோகிறான்.
மணி அடிக்கிறது.
நர்ஸ் ஸுலேமா வந்து உள்ளங்காலைச் சுண்டுகிறாள்,
வகுப்பில் தூங்கும் பையனை எழுப்புவதுபோல.
ஞாபகம் வருகிறது அவனுக்கு.

இரவு செவேரோ மினிபஸ்ஸை விட்டுவிட்டு வருவான்.
முழங்கைவரை மூன்று தடவை கழுவி,
டீசல் வாசம் போயிற்றா என்று முகர்ந்து பார்த்து,
சட்டையைத் திறந்து
வெறும் நெஞ்சில் அவனை வாங்கிக்கொள்வான்.
தவளைபோல் ஒட்டிக்கொள்ளும் அது.
முதல் நாள் கேட்டான்:
எனக்குத் தும்மல் வந்தால் என்ன செய்ய?

ஒவ்வொரு காலையும் எடை.
ஆயிரத்து நூறு.
ஆயிரத்து எழுபது.
ஆயிரத்து அறுபத்தைந்து.
எல்லாக் குழந்தைக்கும் முதலில் குறையும் என்றாள் ஸுலேமா.
அந்தக் கண்ணாடி எண்களை நான் நம்பவில்லை.
ஏமாற்றும் தராசுகளைப் பார்த்து வளர்ந்தவள்.

மறுநாள் பாவாடை மடிப்பில்
என் நூறு கிராம் எடைக்கல்லை முடிந்துகொண்டு போனேன்.
அவள் சிரிக்கவில்லை.
கல்லை மருந்து போட்டுத் துடைத்து
தராசில் வைத்தாள்.

தொண்ணூற்றேழு.

மறுபடி வைத்தாள்.
தொண்ணூற்றேழு.

பிறகு அவர்களுடைய கல்லை வைத்தாள்.
நூறு.

பித்தளை தேய்ந்திருக்கிறது.
பதினேழு வருஷம் என் விரல் பட்டு
மூன்று கிராம் எங்கோ போயிருக்கிறது.
ஒவ்வொரு வாடிக்கைக்காரிக்கும்
பெருமையாக ஒரு பிடி அள்ளிப் போடுவேன்,
இந்தா கொசுறு, என் அன்பு என்று.
கொசுறு அல்ல அது.
கடன்.

பக்கத்துப் பெட்டியில்
யோவானாவின் பெண் குழந்தை, தொள்ளாயிரம் கிராம்.
எங்கள் இருவருக்கும் ஒரே பால் கறக்கும் கருவி.
அவளுக்கு எட்டு மில்லி வந்தால் எனக்குக் காட்டுவாள்,
எனக்குப் பத்து வந்தால் நான் மறைத்துக்கொள்வேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை
அந்தப் பெட்டியின் விளக்கு எரியவில்லை.
அன்று எடையை நான் கேட்கவில்லை.
ஸுலேமாவும் சொல்லவில்லை,
தாளில் எழுதி மடித்து வைத்தாள்.

புதன்கிழமை பிரித்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு கிராம் கூடியிருக்கிறான்.

பன்னிரண்டு கிராம்.
சின்ன வெங்காயம் ஒன்று.
பெரிய மனசுக்காரி சந்தையில்
கேட்காமலே போடுவது.
யாருடைய கையிலிருந்து விழுந்தது?
யோவானாவை நினைத்துக்கொண்டு
சந்தோஷப்படவும் தெரியாமல்
அந்தத் தாளை நாலாக மடித்தேன்,
எட்டாக மடித்தேன்.

இப்போது அவன் என் ரவிக்கைக்குள் இருக்கிறான்.
இரண்டாயிரத்து இருநூறு.
காலடியில் ஆக்சிஜன் சிலிண்டர்,
கிழங்கு மூட்டைகளோடு அதுவும் ஒரு மூட்டை.
அதன் குழாயைத் தாண்டித்தான்
வாங்குகிறவர்கள் நிற்கிறார்கள்.

புதுக் கல் வாங்கிவிட்டேன்.
பழையதைத் தூக்கிப் போடவில்லை.
எடை போட்டபின், பேச்சு எதுவுமில்லாமல்,
ஒரு பிடி போடுகிறேன்,
இன்னொரு பிடி போடுகிறேன்.
போதும் அம்மா, பை கிழியப் போகிறது என்கிறாள் ஒருத்தி.

நெஞ்சில் ஒரு நொடி அசைவில்லை.
துணிக்குள் விரலை விட்டு
உள்ளங்காலைத் தேடுகிறேன்.